கொண்டுகூட்டு

எங்கள் துறைச் சொல்லடைவில் ஒரு வினாவுக்கு விடை வர 74 விநாடி ஆனது. அதற்குள் ஓர் ஆசிரியப்பாவை நிறுத்தி நிதானமாக வாசித்து முடித்துவிடலாம். ஆனால் திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவிக்கு அது ஒரு யுகம். முதல் வாரம் மாணவர்கள் காத்திருந்தார்கள். இரண்டாம் வாரம் வினாவைத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். மூன்றாம் வாரம், பழையபடி ஐயாவையே தொலைபேசியில் அழைத்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஐயாவுக்கு அப்போது 81 வயது. கண்ணில் இரண்டு முறை அறுவை நடந்திருந்தது. அவருக்கு அந்தத் தொல்லை கூடாது என்பதற்காகத்தான் சொல்லடைவையே கணிப்பொறியில் ஏற்றியிருந்தோம்.

கவிதையும் கதையும் பேசும் அன்பர்களிடம் தரவுத்தளத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம், பொறுத்தருள வேண்டும். தமிழ் படித்து, தமிழ் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கும் எங்கள் இருவருக்கும் கணினித் துறையில் பட்டமோ பயிற்சியோ கிடையாது. ஆயினும் கடந்த ஓராண்டில் நாங்கள் மிகக் கூர்ந்து வாசித்த பனுவல் எது என்று கேட்டால், ஒரு வினவலின் செயல்திட்டம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். மொத்தமே 17 வரி. அதை வாசிக்கத் தெரியாமல் இருந்ததால் பட்டதையும், வாசிக்கக் கற்ற பிறகு பட்டதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அட்டைகள். ஐயா எங்கள் இருவருக்கும் ஆசிரியர். ஓய்வு பெறும்வரை இதே துறையில் இருந்தவர். சங்க நூல்களிலும் உரைகளிலும் கண்ட சொல்வடிவங்களை, ஓர் இடத்துக்கு ஓர் அட்டை என்று எழுதிவந்தார். அட்டை என்றால் கடையில் வாங்கியதன்று. திருமண அழைப்பிதழ்களின் எழுதாப் பக்கம். தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பத்திரிகை ஐயா கைக்கு வந்து நான்காக வெட்டப்படும். ஒரு பக்கம் மணமகன் பெயர் பாதியில் அறுபட்டிருக்கும். மறுபக்கம் ஒரு வினைமுற்று, அது வரும் நூல், பாடல் எண், இலக்கணக் குறிப்பு. இப்படி 42,000 அட்டைகள் செருப்புப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன.

அச்சிலும் இத்தகைய பெரும்பணிகள் உண்டு. ந. சுப்பிரமணியனின் பல்லவர்க்கு முற்பட்ட தமிழ் நூல்களுக்கான அடைவைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1966இல் வெளியிட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் நூல்களின் சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஐயாவின் தனி அக்கறையோ உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டிச் செல்லும் செய்யுட்களின் மீது இருந்தது. மூலநூல் மறைந்து, உரையில் மட்டும் தங்கிவிட்ட அடிகள் எத்தனையோ. தகடூர் யாத்திரை அப்படித்தான் புறத்திரட்டிலும் நச்சினார்க்கினியர் உரையிலும் துணுக்குகளாகத் தப்பியது. எந்த நூலைச் சேர்ந்தது என்று துணிய முடியாத சொல்லுக்கு ஐயா அட்டையின் மூலையில் சிவப்பு மையால் ‘ஐ’ என்று எழுதுவார். ஐயம் என்பதன் சுருக்கம். பாடல் எண்ணுக்குரிய இடம் வெற்றாக இருக்கும். இந்த வெற்றிடத்தை அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அட்டைகளை மாணவர்கள் மூன்றாண்டுகளில் தட்டச்சிட்டு முடித்தார்கள். சங்க நூல்கள், கீழ்க்கணக்கு, இரட்டைக் காப்பியங்கள், கம்பன் ஆகியவற்றின் மின்னுரைகளைச் சொல் சொல்லாகப் பிரித்தபோது இன்னோர் அட்டவணை உருவாயிற்று. அதில் 4,60,000 பதிவுகள். பாடல், திணை, புலவர் பெயர்களுக்கு மூன்றாவது அட்டவணை. எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் குடியேறின. பின்பு கேட்ட முதல் பெரிய வினா இது: ஐயா வினைமுற்று என்று குறித்த அட்டைகளை எடு; ஒவ்வோர் அட்டைக்கும் உரிய பாடலைச் சேர்; அச்சொல் வேறெங்கெல்லாம் வருகிறதோ அவ்விடங்களையும் சேர். 74 விநாடி.

எந்திரம் பழையது, அதனால்தான் தாமதம் என்று முடிவு கட்டினோம். புதிய கணிப்பொறி வேண்டி இரண்டு பக்கத்தில் விண்ணப்பம் எழுதினோம். நிதி இல்லை என்று ஒரே வரியில் விடை வந்தது. எங்கள் விண்ணப்பத்தில் இருந்த உணர்ச்சியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏனெனில் குற்றம் எந்திரத்தின் மீது இல்லை.

*

பொங்கல் விடுமுறையில் பழைய மாணவர் ஒருவர் துறைக்கு வந்தார். எங்களிடம் இளங்கலைத் தமிழ் படித்து, பிறகு கணினிப் பக்கம் போய், சென்னையில் தரவுத்தளங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர். எங்கள் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“திட்டத்தைப் பார்த்தீர்களா அம்மா?”

எந்தத் திட்டம் என்று விழித்தோம். எங்கள் வினவலின் தலைப்பில் ‘எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்துத் தட்டினார். விடைக்குப் பதிலாக 17 வரிகள் வந்தன. சில வரிகள் இடப்பக்கத்தை ஒட்டியும், சில உள்ளே தள்ளியும், சில அதற்கும் உள்ளேயும் நின்றன. “இதுதான் உங்கள் கேள்விக்கு எந்திரம் எழுதிக்கொண்ட உரை ஐயா” என்றார். அந்தச் சொல் எங்களைப் பிடித்துக்கொண்டது.

கொஞ்சம் வரலாறு. ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். தரவு எங்கே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியவேண்டியதில்லை; எது வேண்டும் என்று சொன்னால் போதும் என்பது அதன் உட்கருத்து. இன்று எஸ்கியூஎல் என வழங்கும் வினவல் மொழி அந்த எண்ணத்தின் மீதே எழுந்தது. ஆனால் எது வேண்டும் என்பதை மட்டும் நாம் சொன்னால், எப்படி எடுப்பது என்பதை வேறு யாரோ முடிவு செய்தாக வேண்டும். 1979இல் பட்ரிசியா செலிங்கரும் அவருடைய சகாக்களும் அதற்கு வழி சொன்னார்கள். ஒரு விடையை அடையப் பல பாதைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிட்டு, குறைந்த செலவுள்ளதை எந்திரமே தேர்ந்துகொள்ளட்டும். இந்த வேலையைச் செய்யும் பகுதியைத் திட்டமிடுவோன் என்று அழைப்போம். எளிய வேலையன்று. பத்து அட்டவணைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்க வேண்டுமென்றால், அவற்றை வரிசைப்படுத்தும் முறைகளே 36,28,800.

எழுதிய வரிசையில் பொருள் கொள்ளக்கூடாது என்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிய செய்தியா? நன்னூல் எட்டு வகைப் பொருள்கோளை வகுத்துத் தந்திருக்கிறது. அதில் ஒன்று கொண்டுகூட்டு: செய்யுளின் அடிகளில் ஆங்காங்கே நிற்கும் சொற்களைக் கொண்டுவந்து, பொருளுக்கு ஏற்றபடி கூட்டுவது. திட்டமிடுவோன் செய்வது முழுக்க இதுதான். வினவலில் நாங்கள் அட்டவணைகளை ஒரு வரிசையில் எழுதினோம். அவன் தனக்கு வசதியான வரிசையில் கூட்டிக்கொண்டான். திட்டத்தை வாசிக்கும் முறையோ அளைமறிபாப்பு. புற்றில் நுழையும் பாம்பு தலையை மடக்கி மேலே வருவதுபோல, இறுதியில் நிற்கும் சொல் இடைக்கும் முதலுக்கும் ஏறிச் சென்று பொருந்துவது அந்தப் பொருள்கோள். செயல்திட்டத்திலும் மிக உள்ளே தள்ளி நிற்கும் வரிதான் முதலில் நடக்கிறது. அங்கிருந்து விளைவு மேலே ஏறி, இடப்பக்கத்தை ஒட்டிய முதல் வரியில் முடிகிறது. மேலிருந்து கீழாக வாசித்தால் ஒன்றும் விளங்காது.

பொருள்கோளைப் பாடம் நடத்தும்போது, இதெல்லாம் தேர்வுக்கு மட்டுந்தான் என்று நினைக்கும் மாணவர் முகங்களை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறோம். அவர்களுள் ஒருவர்தான் அன்று எதிரில் உட்கார்ந்து அளைமறிபாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் சிரித்தார். “நினைவிருக்கிறது ஐயா. இரண்டு மதிப்பெண் வினா.”

*

ஒவ்வொரு வரியிலும் இரண்டு கூட்டம் எண்கள் இருந்தன. முதல் கூட்டம் மதிப்பீடு: இந்தப் படிக்கு இவ்வளவு செலவாகும், இத்தனை பதிவுகள் கிடைக்கும் என்று திட்டமிடுவோன் முன்கூட்டி எண்ணியது. செலவு என்பது ரூபாயோ விநாடியோ அன்று. வட்டிலிருந்து ஒரு பக்கத்தை வரிசைமுறையில் படிப்பதை 1 என்றும், தாவித் தாவிப் படிப்பதை 4 என்றும் வைத்துக்கொண்டு போடும் ஒப்புக் கணக்கு. இரண்டாவது கூட்டம் நடப்பு: உண்மையில் ஆன நேரம், உண்மையில் கிடைத்த பதிவுகள். ‘எக்ஸ்ப்ளெய்ன்’ மட்டும் சொன்னால் மதிப்பீடு மட்டும் வரும். ‘அனலைஸ்’ சேர்த்தால் வினவலை உண்மையாகவே நடத்திப் பார்த்து நடப்பையும் சொல்லும். அழிக்கும் கட்டளைக்கு முன்னால் அதைச் சேர்த்தால் உண்மையாகவே அழித்தும் விடும் என்று மாணவர் எச்சரித்தார்.

“மதிப்பீடும் நடப்பும் எங்கே பிரிகிறது என்று மட்டும் பாருங்கள். நேரத்தை அப்புறம் பார்க்கலாம்” என்றார்.

உள்ளே தள்ளி நின்ற ஒரு வரியில் பிரிந்தது. வினைமுற்று அட்டைகளை எடுக்கும் படி. மதிப்பீடு: 1 பதிவு. நடப்பு: 1,940 பதிவுகள்.

ஓர் அட்டைதான் வரப்போகிறது என்று நம்பியவன் அதற்கேற்ற பாதையைத் தேர்ந்தான். அந்த ஓர் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு சொற்பட்டியல் முழுவதையும் ஒரு முறை நடந்து பார்த்துவிடலாம், ஒரு நடைதானே. நெஸ்டட் லூப் என்று அதற்குப் பெயர். ஆனால் வந்தவை 1,940. நூலகத்தில் ஓர் அட்டையோடு முதல் அலமாரியிலிருந்து கடைசி அலமாரிவரை நடந்து, திரும்பி வந்து, அடுத்த அட்டையை எடுத்து மீண்டும் முதல் அலமாரியிலிருந்து தொடங்கும் ஓர் உதவியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். 4,60,000 சொற்களை 1,940 முறை. ஒவ்வாமல் விலக்கப்பட்ட ஒப்பீடுகள் 89 கோடிக்கு மேல் என்று திட்டத்திலேயே ஒரு வரி இருந்தது.

இங்கே நாங்கள் ஒரு பிழையும் செய்தோம். சொற்பட்டியலைப் படிக்கும் வரியில் நேரம் வெறும் 31 மில்லிவிநாடி என்றிருந்ததால், இதில் குற்றமில்லை என்று கடந்து போனோம். மாணவர் விரலை வைத்து நிறுத்தினார். அது ஒரு சுற்றுக்கான சராசரி. பக்கத்தில் சுற்றுகளின் எண்ணிக்கை எழுதியிருந்தது. பெருக்கினால் 60 விநாடி. 74 விநாடியில் பெரும்பகுதி, குறைந்த எண்ணாகத் தோன்றிய அந்த வரிக்குள்தான் பதுங்கியிருந்தது.

ஒன்று என்று அவன் ஏன் நினைத்தான்? போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் அட்டவணையிலிருந்தும் மாதிரிப் பதிவுகளை எடுத்து, இயல்பான அமைப்பில் 30,000 வரை, எந்த மதிப்பு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று குறித்து வைக்கிறது. திட்டமிடுவோனுக்கு உலகத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தக் குறிப்புதான். தரவு மாறும்போது குறிப்பைப் புதுப்பிக்கும் காவல் பணி ஒன்று தானாகவே பின்னால் நடந்துகொண்டிருக்கும். நாங்கள் முதல் பெட்டியிலிருந்து 300 அட்டைகளை ஏற்றிச் சோதித்தபோது அந்தக் குறிப்பு எடுக்கப்பட்டிருக்கிறது. முதல் பெட்டி முழுவதும் பெயர்ச்சொற்கள். பிறகு மொத்தமாக ஏற்றும்போது வேகத்துக்காக அந்தக் காவல் பணியை நிறுத்தியவர்கள் நாங்கள்தாம். மீண்டும் தொடங்க மறந்தவர்களும் நாங்கள்தாம். ஆக, வினைமுற்று என்ற ஒன்று இருப்பதாகவே அவனுக்குத் தெரியாது. தெரியாததற்கு ஒன்று என்று மதிப்பிட்டான். முதல் வரிசை மாணவர்களை மட்டும் பார்த்துவிட்டு வகுப்பு முழுவதையும் எடைபோட்ட ஆசிரியரைப் போல என்று எங்களில் ஒருவர் சொல்ல, மற்றவர் பேசாமல் இருந்தார். இருவருமே அதைச் செய்திருக்கிறோம்.

குறிப்பைப் புதுப்பிக்கும் கட்டளை ஒற்றைச் சொல். மாணவர் தட்டினார். அதே வினவல், அதே பழைய எந்திரம். இம்முறை திட்டம் மாறியிருந்தது. அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் மர அறைகளைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல 1,940 அட்டைகளையும் அறைகளில் இட்டுவைத்துக்கொண்டு, சொற்பட்டியலை ஒரே ஒரு முறை நடந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய அறையை மட்டும் எட்டிப் பார்த்தது. ஹாஷ் ஜாயின். 0.8 விநாடி.

பழைய திட்டத்தை ஒரு தாளில் அச்சிட்டு, துறை அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் குத்திவைத்தோம். வேடிக்கையாகத்தான் செய்தோம்.

*

மாணவர் சென்னைக்குத் திரும்பிவிட்டார். எங்களுக்குப் பித்துப் பிடித்தது. ஒரு மாத காலம் மாலை நேரங்களில் விடைத்தாள்களைத் தள்ளிவைத்துவிட்டுத் திட்டங்களை வாசித்தோம்.

அடைவு போட்டால் வேகம் கூடும் என்று கேள்விப்பட்டு, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் அடைவு போட்டோம். ஒன்பது அடைவுகள். மார் ஈற்றுச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்த ஆய்வு மாணவியின் வினவல் அணுவளவும் விரைந்தபாடில்லை. திட்டத்தைப் பார்த்தால், போட்டுவைத்த அடைவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொற்பட்டியல் முழுவதையும் படித்துக்கொண்டிருந்தது. சற்று யோசித்த பிறகு விளங்கியது. அகரவரிசை அடைவு முதல் எழுத்திலிருந்து தொடங்குவது. அதை வைத்துக்கொண்டு ஈற்றெழுத்தைத் தேட முடியாது. அகராதியைக் கையில் கொடுத்து ‘மார்’ என்று முடிவன எவை என்று கேட்டால், யாராக இருந்தாலும் முதல் பக்கத்திலிருந்துதான் புரட்ட வேண்டும்.

நம் முன்னோர் இதை அறிந்தவர்கள். சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதி, ஒரு சொல்லின் பல பொருள்களைக் கூறுவது, எதுகை வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் எழுத்தைப் பற்றிக்கொண்டு மனப்பாடம் செய்பவனுக்கும் செய்யுள் யாப்பவனுக்கும் அந்த வரிசைதான் உதவும். முதலெழுத்து வரிசையை ரேவணசித்தர் 1594இல் அகராதி நிகண்டில் கொண்டுவந்தார். ஒன்று அறியாமை, மற்றது அறிவு என்று இதைப் பாடம் நடத்தியிருக்கிறோம். அப்படியன்று. வேறு வேறு வினாக்களுக்கான வேறு வேறு அடைவுகள் அவை.

ஈற்றெழுத்து வினாவுக்கு ஈற்றெழுத்து அடைவு வேண்டும். சொல்லைத் தலைகீழாகத் திருப்பி, அந்தத் திருப்பிய வடிவத்துக்கு ஓர் அடைவு போட்டோம். தேடும் ஈற்றையும் திருப்பிக் கொடுத்தோம். திரையில் பார்த்தால் புள்ளி முன்னும் எழுத்து பின்னும் காலொன்று தனித்துமாகச் சிதைந்து கிடக்கும். எந்திரத்துக்கு அது ஒரு பொருட்டன்று. 180 மில்லிவிநாடி எடுத்த தேடல் 2 மில்லிவிநாடிக்கு வந்தது. இன்னொன்றும் அப்போது கற்றோம். ஆர் ஈற்றைத் தேடும்போது ‘ஆர்’ என்று தட்டினால் ‘வந்தார்’ கிடைக்காது. ஒருங்குறியில் அங்கே இருப்பது ஆகாரம் அன்று, துணைக்கால். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் என்று ஆயிரம் முறை சொல்லிக்கொடுத்த நாங்கள் அரை நாள் குழம்பினோம்.

ஒன்பது அடைவுகளில் ஏழு எந்தத் திட்டத்திலும் தலைகாட்டவில்லை. ஒவ்வொரு புதிய பதிவின்போதும் எல்லா அடைவுகளையும் திருத்தி எழுத வேண்டியிருப்பதால், பயன்படாத அடைவு வெறும் சுமை. அவற்றை நீக்கினோம்.

பிறகு, 0.8 விநாடியையும் குறைக்க முடியுமா என்று பார்த்தோம். யாரும் கேட்கவில்லை. எங்கள் வினவலில் இணைப்பு ஒரு தனி வகையில் இருந்தது. லெஃப்ட் ஜாயின் என்பார்கள்: பாடல் கிடைத்தால் அட்டையோடு சேர், கிடைக்காவிட்டாலும் அட்டையை விட்டுவிடாதே. இந்த நிபந்தனை இருக்கும்வரை திட்டமிடுவோன் இணைப்பு வரிசையை நினைத்தபடி மாற்ற முடியாது. சாதாரண இணைப்பாக மாற்றினால் அவன் கைக்கட்டு அவிழும் என்று படித்தோம். ஒரு சொல்லை நீக்கினோம். 0.3 விநாடி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

*

ஐயாவை ஒரு சனிக்கிழமை ஆட்டோவில் அழைத்து வந்தோம். மாணவர்கள் சூழ நின்றார்கள். வினைமுற்றுகள் என்று தட்டியதும் இமைக்கும் முன் திரை நிரம்பியது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தோம். தாம் பல்லாண்டுகளாக எழுதியது ஒரு விரல் அசைவில் மேலும் கீழும் ஓடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பிறகு மார் ஈற்று வினைமுற்று ஒன்றைச் சொல்லி, அதைக் காட்டுங்கள் என்றார். தேடினோம். இல்லை. எழுத்துப்பிழையாக இருக்கும் என்று வேறு விதமாகத் தேடினோம். அப்போதும் இல்லை.

“இருக்கிறது தம்பி. என் தங்கை மகள் கல்யாணப் பத்திரிகையில் எழுதியது. ஓரத்தில் மஞ்சள் இருக்கும்” என்றார். சற்றுப் பொறுத்து, “ஐ போட்டதா என்று பாருங்கள்” என்றார்.

இன்னும் இரண்டு சொற்களைக் கேட்டார். இரண்டும் இல்லை. ஐயா எதுவும் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது, வேகமாக வருகிறது என்றார். வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம்.

திரும்பி வந்து செருப்புப் பெட்டிகளைக் கிளறினோம். மூன்றாவது பெட்டியில் அந்த அட்டை இருந்தது. ஓரத்தில் மஞ்சள் மங்கி இருந்தது. மூலையில் சிவப்பில் ‘ஐ’. பாடல் எண் வெற்று.

அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்த பழைய திட்டத்தை எடுத்துப் புதிய திட்டத்தின் பக்கத்தில் வைத்தோம். இம்முறை நேரத்தைப் பார்க்கவில்லை. பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் கீழிருந்து மேலாகப் படித்து வந்தோம். இரண்டிலும் அட்டைகளைப் படித்த படியில் 1,940. பழைய திட்டத்தில் ஒரு பதிவுகூட எங்கும் குறையவில்லை. புதியதில், பாடல்களோடு இணைத்த அடுத்த படியில் 1,903. இடையில் உதிர்ந்தவை 37. பாடல் எண் இல்லாத அட்டைக்கு இணையப் பாடல் இல்லை. இணையாததைச் சாதாரண இணைப்பு தள்ளிவிடும். நாங்கள் நீக்கிய ஒரு சொல்லின் விலை 37 அட்டைகள். வேறெந்த அடைவிலும் தேடிக் கண்டுபிடிக்க அரிதான அட்டைகள் அவைதாம்.

நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டில் சொற்களை எங்கெங்கிருந்தோ எடுத்துக் கூட்டிப் பொருள் சொன்னதை மறைமலையடிகள் 1903இல் தம் ஆராய்ச்சியுரையில் மறுத்தார். வகுப்பில் நாங்கள் அடிகள் பக்கம் நிற்பது வழக்கம். அன்று மாலை எங்களுக்குத் தோன்றியது இதுதான்: திட்டமிடுவோன் எத்தனை விதமாகக் கொண்டுகூட்டினாலும் நாம் கேட்ட பொருளை மாற்றுவதில்லை. 74 விநாடி எடுத்துக்கொண்ட அந்த அசட்டுத் திட்டம்கூட ஓர் அட்டையையும் விடவில்லை. பொருளை மாற்றியவர்கள் நாங்கள். அதுவும் ஐயா வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை எங்களுக்குத் தெரியாமலே. திட்டம் அந்த எண்ணை முதல் நாளிலிருந்தே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் நேரம் எழுதிய இடத்தை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தோம்.

நீக்கிய சொல்லை மீண்டும் சேர்த்தோம். 0.8 விநாடி. அரை விநாடியைக் கொடுத்து 37 அட்டைகளையும் மீட்டுக்கொண்டோம். நிறுத்தி வைத்திருந்த காவல் பணியையும் தொடங்கினோம். இனி எந்த வினவலைத் திருத்தினாலும் பழைய திட்டத்தையும் புதிய திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் பதிவுகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுவிட்டுப் பிறகே நேரத்தைப் பார்ப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டோம். இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

மறுநாள் ஞாயிறு. ஐயாவைத் தொலைபேசியில் அழைத்து, அட்டை கிடைத்துவிட்டது, பிழை எங்களுடையது என்றோம். எத்தனை விடுபட்டிருந்தன என்று கேட்டார். 37 என்றோம். வினைமுற்றில் மட்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றோம். “அவ்வளவுதான் இருக்கும்” என்றார். அவர் எண்ணி வைத்திருந்திருக்கிறார்.

பிறகு, இளம்பூரணர் உரையை யாரோ வாசித்துக் காட்டியபோது காதில் விழுந்ததாகச் சொல்லி, புதிய சொல் ஒன்றைத் தந்தார். எழுதிக்கொண்டோம். பாடல் எண் என்ன போடுவது என்று கேட்டோம்.

“வெற்றாக விடுங்கள்” என்றார்.